இருவரும் சமமென்றால்

ஜெயகரன் எழுதிய நிரல்களை வெளியுலகில் யாரும் பார்த்ததில்லை. ஹைதராபாத் மாதாப்பூரில் அவர் வேலை பார்க்கும் கம்பெனி வெளிநாட்டு வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறது. ஆனால் அவர் இருக்கும் குழு கம்பெனிக்குள்ளேயே பயன்படும் சில்லறை மென்பொருட்களைப் பார்த்துக்கொள்வது. லீவு விண்ணப்பம், வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டிக்கான பதிவு, கேன்டீன் டோக்கன். டோக்கன் வராத மதியங்களில் மட்டும்தான் அப்படி ஒரு குழு இருப்பது மற்றவர்களுக்கு ஞாபகம் வரும்.

அவருக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. அவருடைய அப்பா நாசரேத்திலிருந்து வந்து சனத்நகர் எஞ்சினியரிங் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டியவர். ஜெயகரன் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் சிகந்தராபாத்தில். இப்போது வீடு அல்வாலில். மனைவி செலின் தார்நாகாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகன் ஜோசியா எஞ்சினியரிங் படிக்கிறான். அப்பா தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வான். ஜெயகரனின் தமிழே இரண்டு ஊர்த் தமிழ். திருநெல்வேலிப் பேச்சில் ஹைதராபாத் உருது அங்கங்கே விழுந்திருக்கும்.

பக்கத்து இருக்கை சுபாஸ்ரீக்கு அதுதான் பொழுதுபோக்கு. கோபிச்செட்டிபாளையத்துப் பெண். கல்யாணமாகி, கணவன் கணேஷ்குமாருக்கு இங்கே வேலை என்பதால் வந்தவள். கைக்குழந்தை ஒன்று.

“பத்ரி கூப்பிட்டாருங்கண்ணா. போகலீங்களா?”

“ஹவ், போறேன். டீயைக் குடிச்சிட்டுப் போறேன். கைக்கு அவசரம்?” ‘ஹவ்’ என்றால் உருதுவில் ஆமாம், ‘கைக்கு’ என்றால் எதற்கு.

“நீங்க எங்க ஊருக்கு வந்தா கூடவே ஒரு ஆளு வெக்கோணுங்க, நீங்க பேசறத எடுத்துச் சொல்ல.”

“உங்க ஊருல ஒரு பேச்சுக்கு எத்தனை ‘ங்க’ போடுதாவன்னு எண்ணுறதுக்கு இன்னொரு ஆளு வேணும்.”

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எழுதிய எதையும் சோதித்துப் பார்ப்பதென்றால், சோதிப்பவர் தன் சொந்தப் பெயரில்தான் சோதிக்க வேண்டும். இதைக் கொண்டுவந்தவர் ஜெயகரன். முன்பொரு முறை காப்பீட்டுப் பக்கத்தைச் சோதித்த ஒருவர், பட்டியலில் கைக்கு வந்த ஒரு பெயரை எடுத்து ‘காலமானார்’ என்று போட்டுப் பார்க்க, நிஜமாகவே அந்த வீட்டுக்கு அனுதாப மின்னஞ்சல் போய்விட்டது. அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு. அதனால் கணினியில் ஜெயகரன் பலமுறை ராஜினாமா செய்திருக்கிறார். பிரசவ விடுப்பும் எடுத்திருக்கிறார். “எந்தப் பிள்ளைக்கும் என் ஜாடை இல்ல” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பத்ரிநாராயணன் குழுத் தலைவர். சென்னையிலிருந்து வந்தவர், ஜெயகரனை விட வயதில் சிறியவர். அன்று கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

“மனிதவளத் துறைக்கு ஒரு டூல் வேணும் ஜெயகரன். ஒவ்வொரு டீம்லயும் இருக்கறவங்களை மதிப்பெண் வாரியா வரிசைப்படுத்திக் காட்டணும். அவசரம்.”

“எதுக்கு?”

“ப்ளானிங்குக்கு.”

அந்த மாதம்தான் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கைவிட்டுப் போயிருந்தார். மேல்மாடியில் விளக்குகூடப் போடுவதில்லை. வரிசையில் கடைசியாக வருகிறவரை என்ன செய்யப்போகிறார்கள் என்று பத்ரி சொல்லவில்லை. ஜெயகரனும் கேட்கவில்லை.

“டீம்ல யாருக்கும் தெரிய வேண்டாம். நீங்க ஒருத்தரே எழுதுங்க” என்றார் பத்ரி.

எழுதுவது கடினமில்லை. இரண்டு எண்களைக் கொடுத்தால் எது பெரியது என்று கணினிக்குத் தெரியும். இரண்டு சொற்களைக் கொடுத்தால் அகரவரிசையில் எது முந்தியது என்றும் தெரியும். இரண்டு ஊழியர்களைக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. ஊழியர் என்பது நாமே உருவாக்கிக் கொடுத்த பொருள். அவர்களில் யார் முன்னால், யார் பின்னால் என்று பார்க்கும் விதத்தையும் நாமேதான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சிறிய விதி. இருவரை எடுத்துக்கொண்டு, முதலாமவர் முன்னால் என்றால் கழித்தல் எண், பின்னால் என்றால் கூட்டல் எண், சமம் என்றால் சைபர். அதை எழுதிவிட்டால் இருவர் என்ன, ஆயிரக்கணக்கானவர்களையும் கணினி வரிசையில் நிறுத்திவிடும்.

ஜெயகரன் கடைசி சில அரையாண்டு மதிப்பெண்களின் சராசரியை வைத்து அந்த விதியை எழுதினார். ஓட்டிப் பார்த்தபோது சில குழுக்களில் ஆள் குறைந்தது. காரணம் அவருக்கு உடனே தெரிந்தது. அவர் வரிசையைப் போட்டு வைத்திருந்த பெட்டி ஒரே பொருளை இரண்டு முறை வாங்கிக்கொள்ளாத வகை. இருவருக்கு ஒரே மதிப்பெண் என்றால் விதி சைபர் சொல்லும். சைபர் என்றால் இவர் ஏற்கனவே உள்ளே இருப்பவர்தான் என்று எண்ணி, பெட்டி இரண்டாமவரை விட்டுவிடும். ஆகவே யாரும் யாருக்கும் சமமாக இருக்க முடியாதபடி இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருந்தது.

மதிப்பெண் சமமென்றால் முதலில் வேலைக்குச் சேர்ந்தவர் முன்னால். அதை எழுத அவர் யோசிக்கவே இல்லை. சனத்நகரில் அப்பா வேலை பார்த்த பட்டறையில் ஆட்குறைப்பு வந்தபோது யூனியன் பேசி வாங்கிய ஏற்பாடு அதுதான்: பின்னால் சேர்ந்தவர் முதலில் வெளியே போக வேண்டும். அப்பாவின் வேலை அதனால்தான் தப்பியது. சிறுவயதிலேயே வீட்டில் கேட்ட நியாயம், விரல் வழியே தானாக வந்து விழுந்தது.

அடுத்தது நகல். மதிப்பெண்களைக் கொஞ்சம் மாற்றினால் வரிசை எப்படி மாறும் என்று பார்க்க மனிதவளத் துறைக்கு ஒரு வெள்ளோட்டத் திரை வேண்டுமாம். அசல் மாறக் கூடாது. எனவே ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு நகல் எடுத்து, அந்த நகலில்தான் விளையாட வேண்டும். கேன்டீன் டோக்கனுக்கு நகல் எடுக்கும் பகுதியை ஜெயகரன் முன்பே எழுதி வைத்திருந்தார். அதை அப்படியே எடுத்து இங்கே ஒட்டினார். டோக்கனுக்குள் எண்ணும் தேதியும் தவிர வேறொன்றும் கிடையாது. மேலோட்டமான நகலே அதற்குப் போதும். ஊழியருக்குள் மதிப்பெண்கள் தனிப் பெட்டியாக இருந்தன. நகலில் பெயர் புதிது, எண் புதிது. பெட்டி மட்டும் பழைய பெட்டியேதான். வீட்டுச் சாவிக்கு நகல் எடுப்பது மாதிரி. சாவி இரண்டானாலும் திறப்பது ஒரே வீடு.

இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நேர்முகத்தில் அவரே கேட்கிற கேள்வி. அன்று அவசரத்தில் பார்க்கவில்லை.

வழக்கப்படி தன் பெயரிலேயே சோதித்தார். வெள்ளோட்டத் திரையில் தன் நகலை எடுத்து எல்லா அரையாண்டுக்கும் சைபர் போட்டார். ஜெயகரன் என்ற பெயர் வழுக்கிக்கொண்டு குழுவின் அடியில் போய் நின்றது. திருப்தியாக மூடினார். மூடும்போது, யார் எப்போது பார்த்தார்கள் என்ற குறிப்போடு அசலை ஒரு முறை சேமித்து வைக்கும்படி அவரே எழுதியிருந்தார். சைபர்களும் சேர்ந்து சேமிப்பில் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்ரி மறுபடி கூப்பிட்டார். கண்ணாடி அறையின் திரைச்சீலையை இறக்கி விட்டிருந்தார்.

“உக்காருங்க ஜெயகரன். நம்ம டீம்ல ஒருத்தர் போகணும்னு சொல்லியிருக்காங்க. உங்க பேர் வந்திருக்கு.”

“எந்தப் பேரு?”

“உங்க பேருதான். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

ஜெயகரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “நான் எழுதுன டூல்ல நானேயா” என்றார் மெல்ல. பிறகு, “மார்க்கைக் காட்டுங்க” என்றார்.

பத்ரி திரையைத் திருப்பினார். வரிசையாகச் சைபர்கள்.

“எனக்கு மார்க் போடுறது நீங்கதான பத்ரி. சைபரா போட்டீங்க?”

பத்ரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சைபர் போட்ட ஞாபகம் இல்ல.”

“ஞாபகம் இல்லையா. நல்லாருக்கு.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. “இது நான் போட்ட சைபர்” என்றார். நகலில் போட்டது அசலில் எப்படி ஏறியது என்று விளக்கினார். பத்ரிக்கு முதலில் கவலை வேறாக இருந்தது.

“அப்போ மத்த டீம் ரிசல்ட் எல்லாம்?”

“நகலை இதுவரைக்கும் நான் மட்டுந்தான் தொட்டிருக்கேன். மத்ததெல்லாம் சரியா இருக்கு. வேணும்னா பதிவு எடுத்துத் தாரேன்.”

“சரி பண்ணிட்டு நம்ம டீமை மட்டும் திரும்ப ஓட்டுங்க. சாயங்காலம் நான் மேல அனுப்பணும். ஒரு பேர்.”

“அப்பவும் ஒரு பேரு வேணுமா?”

“எண்ணிக்கையை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல ஜெயகரன்.”

இருக்கைக்கு வந்தார். நகல் எடுக்கும் பகுதியைத் திருத்தினார். உள்ளே இருக்கும் பெட்டிக்கும் இப்போது தனி நகல். தன் உண்மையான மதிப்பெண்களைப் பழைய சேமிப்பிலிருந்து மீட்டுப் போட்டார். ஓட்டினார்.

கீழே இரண்டு பெயர்கள் ஒரே சராசரியோடு இருந்தன. ஜெயகரன். அதற்கும் கீழே, கடைசியாக, சுபாஸ்ரீ.

பிரசவ விடுப்பில் அவள் இல்லாத அரையாண்டுக்கு பத்ரி ஒப்புக்கு ஒரு மதிப்பெண் போட்டிருந்தார். இல்லாத ஆளுக்கு யாரும் நல்ல மதிப்பெண் போடுவதில்லை. அது மட்டும் இல்லையென்றால் அவள் எங்கோ மேலே இருப்பாள். இப்போது அவளும் அவரும் சமம். சமமான இருவரைப் பிரித்து ஒருவரை மேலேயும் ஒருவரைக் கீழேயும் வைத்தது அவர் எழுதிய அந்த ஒரு வரி.

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் வரிசை புரண்டுவிடும். பின்னால் சேர்ந்தவர் மேலே போவார். ஜெயகரன் கீழே வருவார். அந்தக் குறி இருக்க வேண்டும் என்றும் யாரும் எழுதித் தரவில்லை, கூடாது என்றும் எழுதித் தரவில்லை. வேறு விதிகளையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஆங்கில அகரவரிசையில் அவர் பெயர் முந்தியது. வயதில் அவர் மூத்தவர். எதை வைத்தாலும், தலைகீழாக்கினாலொழிய, அவளே கீழே வந்தாள்.

“என்னங்கண்ணா, மூஞ்சி வாடிப்போச்சு?” என்று பக்கத்திலிருந்து கேட்டாள் சுபாஸ்ரீ.

அவர் திரையை அணைத்தார். “ஒண்ணும் இல்லம்மா. தலைவலி.”

“பத்ரி அறைக்குப் போயிட்டு வந்தா எல்லாருக்கும் அப்படித்தானுங்க. மாத்திரை வேணுங்களா?”

“நக்கோ. சரியாயிரும்.”

“லீவு பக்கத்துல வர்ற வாரத்துத் தேதி தப்பாக் காட்டுதுங்க. பாப்பாவுக்குத் தடுப்பூசி போடோணும், ஒரு நாள் லீவு போடலாம்னு பாத்தனுங்க. ஒருக்கா பாக்கறீங்களா?”

“பாக்குதேன்.”

எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் செலினுக்குப் போன் செய்தார். வகுப்பில் இருந்தாள் போலிருக்கிறது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

“என்னங்க இந்த நேரத்துல?”

“சும்மாத்தான்.”

“சும்மாவா? ஜோசியா எதும் கூப்பிட்டானா?”

“இல்ல. நீ கிளாஸைப் பாரு.”

பத்ரியின் அறைக்கு அவராகவே போனார். உட்காரவில்லை.

“ரெண்டு பேரு சமமா வாராவ. நானும் சுபாவும். சமமா வந்தா யாரை முன்னால வைக்கணும்னு மேல யாரும் சொல்லல.”

“நீங்க என்ன போட்டிருக்கீங்க?”

“முன்னால சேர்ந்தவங்க முன்னால.”

பத்ரி இறக்கிவிட்ட திரைச்சீலையைப் பார்த்தார். “நியாயமாத்தானே இருக்கு.”

“நியாயமான்னு நான் கேக்கல பத்ரி. நீங்க ஒரு முடிவு சொல்லுங்கன்னு கேக்குதேன். அந்தப் பிள்ளைக்கு லீவுல இருந்த ஆறு மாசத்துக்கு நீங்க போட்ட மார்க்கை வேணும்னா—”

“அதை இப்ப மாத்தினா என்னைக் கேள்வி கேப்பாங்க. எல்லா டீம்லயும் லீவுல போனவங்க இருக்காங்க.” கொஞ்சம் நிறுத்தி, “முடிவு எடுக்கத்தானே டூல் கேட்டாங்க. அதுவே எடுக்கட்டும்” என்றார்.

“டூல் நான் எழுதுனது.”

“தெரியும்” என்றார் பத்ரி.

ஜெயகரன் திரும்பி வந்து, தேதியைச் சரி செய்து கொடுத்தார். லீவு விண்ணப்பம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததாகச் சுபாஸ்ரீ சொன்னாள். பிறகு அவர் அந்த வரியைத் திறந்தார். விரல் கழித்தல் குறியின் மேல் சிறிது நேரம் இருந்தது. ஐம்பது வயதில், கேன்டீன் டோக்கனும் வண்டிப் பதிவும் எழுதத் தெரிந்த ஒரு ஆளை யார் எடுப்பார்கள் என்று நினைத்தார். அவளுக்கு வயதிருக்கிறது, கணேஷ்குமாருக்கு வேலையிருக்கிறது என்று நினைத்தார். அப்பாவின் பட்டறையில் அன்று வெளியே போனவர்களைப் பற்றியும் வீட்டில் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டார்கள் என்பது ஞாபகம் வந்தது. எதையும் தட்டாமல் அப்படியே அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை சுபாஸ்ரீயைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னைய வேலைய விட்டு எடுத்துட்டாங்கண்ணா.”

ஜெயகரன் எழுந்து நின்றார்.

“ஏதோ வரிசையில கடைசின்னு சொல்றாருங்க பத்ரி. மேல இருந்து வந்துச்சாமா. என்ன கணக்குன்னு கேட்டதுக்கு அவருக்கே தெரியாதுங்கறாரு.” அவள் அழவில்லை. பாட்டிலையும் சாப்பாட்டு டப்பாவையும் பையில் வைத்தாள். மேசையில் ஒட்டியிருந்த குழந்தையின் படத்தை மூலை கிழியாமல் உரித்தாள். “புதன்கிழமைக்கு லீவு கிடைச்சிருச்சுங்க. இனி லீவே வேண்டியதில்ல.”

லிப்ட் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனார். அடையாள அட்டையை வாசலில் வாங்கிக்கொள்வார்களாம்.

“இண்டர்வியூல அடிப்படையில இருந்து கேப்பாங்களாமா. எல்லாம் மறந்துபோச்சுங்க. ஏதாச்சும் சந்தேகம்னா கூப்பிடலாங்களாண்ணா?”

“எப்ப வேணாலும் கூப்பிடும்மா.”

சில மாதங்கள் அவள் கூப்பிடவில்லை. அந்த இருக்கையில் யாரையும் போடவில்லை. யாரோ ஒருவர் அங்கே தன் ஹெல்மெட்டை வைக்கத் தொடங்கினார். ஜெயகரன் ராஜினாமா, பிரசவ விடுப்பு என்று சிரித்துப் பேசுவதை விட்டுவிட்டதைக் குழுவில் சிலர் கவனித்தார்கள். யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, அல்வால் வீட்டில் அவர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“நல்லா இருக்கீங்களாண்ணா? ஒரு இண்டர்வியூ போயிட்டு வந்தனுங்க.”

“எப்படிப் பண்ணுன?”

“நகல் எடுக்கறதப் பத்திக் கேட்டாங்க. மேல மட்டும் எடுத்தாப் பத்தாது, உள்ள இருக்கறதையும் தனியா எடுக்கோணும்னு சொல்லிட்டனுங்க. அது நீங்க எப்பவும் சொல்றதாச்சே.”

“ஹவ்.”

“அப்பறம் வரிசைப்படுத்தறது. ரெண்டு ஆளு எல்லாத்துலயும் சமமா இருந்தா என்ன திருப்பித் தருவீங்கன்னு கேட்டாங்க. சைபர்னு சொன்னேன். அவுங்க ஒரு மாதிரி பாத்தாங்க. அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. சமம்னா சைபர்தானுங்களேண்ணா?”

ஜெயகரன் மடித்த சட்டையைக் கட்டிலில் வைத்தார்.

“சைபர்தான்.”

“அப்ப எதுக்கு அப்படிப் பாத்தாங்க?”

“சிலபேரு சைபர் வராம இருக்க அங்க இன்னொரு வரி எழுதுவாவ.”

“என்ன வரிங்க?”

“யாரு வேலைக்கு முன்னால சேர்ந்தாங்கன்னு பாக்குற வரி.”

போனில் குழந்தையின் சத்தம் மட்டும் கேட்டது. கணேஷ்குமார் ஏதோ சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு போவது கேட்டது.

“நீங்க அப்படி எழுதுவீங்களாண்ணா?” என்றாள் சுபாஸ்ரீ. குரலில் கோபமில்லை.

“எழுதினேம்மா.”

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

“சரிங்கண்ணா” என்றாள். “வெச்சிடறேனுங்க.”

செலின் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “யாரு?”

“ஆபீஸ்ல இருந்த பிள்ளை.”

“வேலை போச்சுன்னு சொன்னீங்களே, அந்தப் பிள்ளையா? இன்னும் கிடைக்கலையா?”

“கிடைக்கல.”

“பாவம். ஜெபத்துல சேத்துக்கிடுவோம். பேரு என்ன?”

சொன்னார். விளக்கு வைத்ததும் மூவரும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். ஜோசியா போனைக் கவிழ்த்து வைத்தான். சொந்தக்காரர்களின் நோய்களையும் சபையில் கல்யாணமாகாத பிள்ளைகளையும் சொல்லி வந்த செலின், சுபாஸ்ரீ என்ற பெயரையும் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு அநியாயம் செய்தவர்களின் மனதையும் இளகச் செய்யும்படி கேட்டாள். முடிந்ததும் அவளும் ஜோசியாவும் ஆமென் சொன்னார்கள். ஜெயகரன் சற்றுப் பிந்திச் சொன்னார்.